பிரிண்டர் முனைக்குள் மை ஓடுவதைப் போனில் பிடிக்கலாமா?

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது, மார்ச் 2

அண்ணை, இன்க்ஜெட் முனையிலிருந்து மைத்துளி பிதுங்கி, வால் நீண்டு, அறுந்து விழுகிற வீடியோ ஒன்று பார்த்தேன். ஒரே துளியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை காட்டுகிறார்கள். என் போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. லென்ஸ் ஒன்றை ஒட்டிப் பிடித்தால் என்ன? எந்த முனை அடைத்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துத் துப்புரவாக்கலாமே. எங்கள் கடைப் பிரிண்டரில் கறுப்புக்கு 180 முனை, அதில் எட்டு ஒன்பது கோடு விடுபடுகிறது. ஹெட் கிளீனிங் கொடுத்துக் கொடுத்து மைதான் முடிகிறது.

மார்ச் 2, இரவு 10.40

பிடிபடாது. கணக்கைப் பார். துளி செக்கனுக்கு 6 மீற்றர் அளவில் பாயும். முனைக்கும் கடதாசிக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் சொச்சம். அதைக் கடக்க 170 மைக்ரோசெக்கன் போதும். உன் போன் ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுக்க 4167 மைக்ரோசெக்கன் ஆகிறது. ஒரு முனை செக்கனுக்கு 20,000 தரம் அடிக்கிறது என்று வைத்தால், அந்த இடைவெளியில் 83 துளி போட்டுவிடும்.

அளவும் இடம்கொடாது. 4 பிக்கோலீற்றர் துளியின் குறுக்களவு 20 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மார்ச் 3

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். நீ பார்த்தது ஒரே துளி அல்ல. அப்படியான வீடியோக்களில் பெரும்பாலானவை ஆயிரம் துளிகளைத் தைத்துச் செய்தவை.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பிளைவீல் ரியூப் லைட் வெளிச்சத்தில் நின்றதுபோலவும், சிலவேளை பின்னுக்குச் சுற்றுவதுபோலவும் தெரியும், கண்டிருப்பாய். அதே வித்தைதான். முனைக்கு அடி கொடுத்து 10 மைக்ரோசெக்கனில் ஒரு பிளாஷ், ஒரு படம். அடுத்த துளிக்கு 11இல் பிளாஷ். அதற்கடுத்த துளிக்கு 12இல். வரிசையாக ஓட்டினால் ஒரு துளி பிறந்து விழுந்த கதைபோலத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் இருப்பது வேறு வேறு துளி.

இதில் கமரா வேகமாக இருக்கத் தேவையில்லை. வெளிச்சம்தான் குறுகியதாக இருக்கவேண்டும். ஒரு மைக்ரோசெக்கன் பிளாஷில் துளி 6 மைக்ரோமீற்றர் நகர்ந்து, தன் உடம்பில் கால்வாசிக்கு மேல் இழுபட்டுத் தெரியும். நெதர்லாந்தின் ட்வென்ட பல்கலைக்கழகத்தில் லேசரால் ஒரு சாயத்தை ஒளிரவைத்து 8 நானோசெக்கன் அளவு பிளாஷ் எடுத்தார்கள். அந்த நேரத்தில் துளி நகர்வது 50 நானோமீற்றர்கூட இல்லை. ஒளியின் அலைநீளமே அதைவிடப் பெரிது, ஆகவே மங்கல் என்ற பேச்சே இல்லை.

மார்ச் 3, பின்னேரம்

"எல்லாத் துளியும் ஒரேமாதிரி என்று எப்படி நம்புவது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம்ப முடியாது. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேயர் 1870களிலிருந்து இருட்டறையில் மின்பொறி வெளிச்சத்தில் துளி தெறிப்பதைப் பார்த்து, கண்ணில் பதிந்ததைக் கையால் வரைந்தார். வடிவங்கள் எல்லாம் அளவெடுத்த கோலம்போல வந்தன. 1890களில் புகைப்படம் எடுத்துப் பார்த்தால், எந்தத் தெறிப்பும் சரிசமமாக இல்லை. கோணலை இத்தனை வருசமும் தன் கையே திருத்திவிட்டிருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நல்ல பிரிண்டர் ஹெட்டில் துளிக்குத் துளி பெரிய வித்தியாசம் இருக்காது, ஆகவே தைத்த படம் பரவாயில்லை. ஆனால் தம்பி கேட்பது பழுதான முனையைப் பற்றி. பழுது திடீரென்று ஒரு துளியில் நடக்கிற விசயம், தைத்த படத்தில் அது வராது. அதற்கு உண்மையிலேயே வேகமான கமரா வேண்டும். செக்கனுக்கு ஒரு கோடி படம் எடுக்கிறவை இருக்கின்றன. நூற்றுச் சொச்சம் படத்தோடு நினைவகம் நிரம்பிவிடும்.

மார்ச் 9

இவ்வளவும் முனைக்கு வெளியே. கேள்வி முனைக்கு உள்ளே. உள்ளே பார்க்க மூன்று வழி எனக்குத் தெரியும்.

கண்ணாடிக் குழாயாலேயே முனை செய்வது ஒன்று. இரண்டாவது, சிலிக்கன் ஹெட்டை அகச்சிவப்பில் பார்ப்பது. நம் கண்ணுக்குச் சிலிக்கன் பளபளப்பான சாம்பல் தகடு. அலைநீளம் 1.1 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் அது யன்னல் கண்ணாடி மாதிரி. ட்வென்டக்காரர் இப்படித்தான் ஹெட்டைப் பிரிக்காமல் உள்ளே கிடந்த காற்றுக்குமிழியைப் படம் பிடித்தார்கள். மூன்றாவது, மையில் ஒளிரும் நுண்துகள் கலந்து, அடுத்தடுத்த இரண்டு படத்தில் துகள் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது. மைன்ஹார்ட், ஷாங் என்ற இருவர் 2000ஆம் ஆண்டிலேயே இன்க்ஜெட் ஹெட்டுக்குள் இதைச் செய்து காட்டினார்கள்.

மார்ச் 10

அந்தக் கமரா என்ன விலை என்று கேட்டவருக்கு: வயல், லாண்ட்மாஸ்டர், கடை மூன்றையும் விற்றாலும் காணாது. வீட்டுக்காரியிடம் கேட்டுப் பார்த்தேன், அவ சிரிக்கவும் இல்லை.

மார்ச் 16

இன்னொரு வழி இருக்கிறது. முனையைப் பெரிதாக்கு.

கேம்பிரிட்ஜில் 2008 அளவில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் முனையோடு ஒரு பெரிய துளிப்பொறி செய்தார்கள். பிரிண்டர் முனையைவிட நூறு மடங்கு பெரிது. பெரிதாக்கினால் எல்லாம் மெதுவாகும். கண்டபடி பெரிதாக்க முடியாது, பாகுத்தன்மைக்கும் மேற்பரப்பு இழுவைக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கவேண்டும். ஓனசோர்கே எண் என்பார்கள்: பாகுத்தன்மையை, அடர்த்தி × மேற்பரப்பு இழுவை × முனை அகலம் என்பதன் வர்க்கமூலத்தால் பிரித்தால் வருவது.

மைக்கு 4 மில்லிபாஸ்கல்-செக்கன், முனை 20 மைக்ரோமீற்றர் என்று போட்டால் 0.16 வரும். வெறும் தண்ணீருக்கு 0.026. தண்ணீர் ஊற்றிய பிரிண்டர் கண்டபாட்டுக்குச் சில்லறைத் துளி துப்புவது இதனால்தான். (துப்பரவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் போட்டு, அப்படியே பிரிண்ட் கொடுத்த அனுபவம் எனக்குண்டு.) 2 மில்லிமீற்றர் முனையில் அதே 0.16 வரவேண்டுமானால் 64 மில்லிபாஸ்கல்-செக்கன் உள்ள திரவம் தேவை. 80 வீதக் கிளிசரின் 20 பாகையில் 60. பாமசியில் கிளிசரின் போத்தல் இருக்கிறதா, வேலை முடிந்தது.

வேகம்? பாய்கிற உந்துதலுக்கும் மேற்பரப்பு இழுவைக்கும் உள்ள விகிதத்தை, அதாவது வெபர் எண்ணை, சமப்படுத்தினால் 6 மீற்றர் 0.8 மீற்றராக இறங்கும். தூரம் நூறு மடங்கு, வேகம் ஏழில் ஒன்று. ஆக நேரம் 700 மடங்கு நீளும். 20,000 அடி செக்கனுக்கு 26, 27 அடியாகும். உன் 240 பிரேம் போனுக்கு ஒரு அடிக்கு ஒன்பது படம் கிடைக்கும். மார்ச் 2இல் "பிடிபடாது" என்றவன் நான்தான். பிரிண்டரில் பிடிபடாது. மேசையில் பிடிபடும்.

மார்ச் 23

செய்து பார்த்தேன். பழைய மேளசெட் ஸ்பீக்கர், அதன் நடுவில் ஒட்டிய யோகட் கோப்பை, கோப்பை வாயில் இழுத்துக் கட்டிய பலூன், அங்கிருந்து சேலைன் ரியூப், ரியூப் நுனியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச். போனில் 26 ஹேர்ட்ஸ் ஒலி போட்டு அம்பிளிபயரில் கொடுத்தால் சிரிஞ்ச் வாயிலிருந்து துளி துளியாகப் பாயும் என்பது திட்டம்.

நடந்தது: ரியூப் ஸ்பீக்கரோடு சேர்ந்து வீங்கிச் சுருங்கியது. அடி முழுவதையும் ரியூபே விழுங்கிவிட்டது. சிரிஞ்ச் வாயில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். ரியூபை மூன்று விரல் நீளத்துக்கு வெட்டியபின் பாய்ந்தது. முகத்தில்.

ஓட்டம் தெரியத் துகள் வேண்டுமே. மஞ்சள் தூள் போட்டேன், கட்டிபட்டது. மினுமினுக்கும் சம்பூ போட்டேன், சுழிகள் வடிவாகத் தெரிந்தன, ஆனால் தனித் துகளைப் பின்தொடர முடியவில்லை. கடைசியில் மகளின் முகப்பவுடர். இந்தப் பாகில் அது மணிக்கணக்கில் தாழாமல் நிற்கிறது.

இன்னொன்று. ரியூப் லைட்டில் எடுக்காதே. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைட் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், படம் முழுவதும் பட்டை பட்டையாக வரும். மோட்டார்சைக்கிள் லைட்டைக் கழற்றி பற்றரியில் கொடுத்தேன்.

மார்ச் 24

நேற்றுக் காலை எடுத்த வீடியோவும் மத்தியானம் எடுத்ததும் ஒத்துப்போகவில்லை. காலையில் வால் நீண்டு ஒரே துளியாகச் சுருண்டது. மத்தியானம் வால் அறுந்து இரண்டு மூன்று குஞ்சுத் துளி. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு அரைநாள் போனது.

பிழை என் கணக்கில். 80 வீதக் கிளிசரின் 60 என்றது 20 பாகையில். புதுக்குடியிருப்பில் யார் கண்டது 20 பாகையை? 30 பாகையில் அது 34. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் கீழ். 85 வீதமாகக் கூட்டினால் 30 பாகையில் 58, அதுதான் எங்கள் ஊருக்குச் சரி. போத்தலை மூடியும் வைக்கவேண்டும், கிளிசரின் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஐதாகும்.

பிரிண்டர் மைக்கும் இதே கதைதானே என்று இரவு யோசித்தேன். கூரை சுடுகிற பின்னேரங்களில் கோடுகள் கரடுமுரடாக வருவது அதனால் இருக்கலாம். இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் 6

என் வீடியோவில் சிரிஞ்சுக்குள் துகள்கள் சுவர்ப்பக்கம் நெருக்கியடித்து ஓடுவதுபோலத் தெரிந்தது. அது பொய். உருண்டைக் குழாய் தானே ஒரு லென்ஸ். நடுவை விரித்து ஓரத்தைக் கோணலாக்கிக் காட்டும்.

மாற்று: சிரிஞ்சை எறிந்துவிட்டுக் கண்ணாடி மருந்துத் துளிக்குழாய் ஒன்று எடுத்தேன், வாய் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். நான்கு கண்ணாடித் துண்டைச் சிலிக்கனால் ஒட்டிச் சதுரப் பெட்டி செய்து, அதில் கிளிசரினை நிரப்பி, குழாயின் நுனி மட்டும் அடியால் வெளியே வரும்படி உள்ளே இறக்கினேன். கிளிசரினும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் குழாய் மறைந்தே போனது. பவுடர் துகள் மட்டும் அந்தரத்தில் ஏறி இறங்குகிறது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்தண்ணீரில் விளக்கு எரிவதைப் பார்த்த வாய்தான் அன்றைக்கு மறுபடி திறந்தது. மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்துவிட்டாள்.

ஏப்ரல் 7

கண்டதை எழுதாமல் வித்தை காட்டி முடித்துவிட்டேன். முனை வாயில் துகள் கோடாக இழுபடுகிறது. அது பழுதல்ல, அதுதான் அளவுகோல். ஒரு படத்துக்கு 1/1000 செக்கன் வெளிச்சம் விட்டு எடுத்தேன், நடுவில் கோட்டின் நீளம் 0.7 மில்லிமீற்றர், ஆக செக்கனுக்கு 0.7 மீற்றர். கணக்குச் சொன்ன 0.8க்குப் பக்கத்தில். சுவரோரம் கோடு குட்டை, ஒட்டினாற்போல் போனால் வெறும் புள்ளி.

நான் எதிர்பாராதது குழாயின் அகன்ற பகுதியில். ஸ்பீக்கர் பின்னுக்கு இழுக்கத் தொடங்கும்போது சுவரோரத் துகள்கள் முதலில் திரும்புகின்றன. நடுவில் உள்ளவை இன்னும் முன்னுக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஒரே குழாய்க்குள் ஒரே நேரத்தில் இரண்டு திசை. சுவரோரம் ஓட்டத்துக்கு வேகம் குறைவு, உந்தமும் குறைவு, இழுத்த பக்கம் உடனே போகும். நடுவில் ஓடுவது வேகம் பிடித்தது, திரும்ப நேரமெடுக்கும். ஆற்றில் கரையோரம் எதிர்நீர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல என்று எழுதப் போனேன், பிறகு வெட்டினேன். அதற்குக் காரணம் வேறு.

ஏப்ரல் 20

பௌதிகம் படிப்பிக்கிற சேர் ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார். "புவியீர்ப்பை எங்கே ஒளித்து வைத்தீர்?" நியாயம். உண்மையான முனையில் மேற்பரப்பு இழுவையோடு பார்த்தால் துளியின் பாரம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, தலைகீழாகப் பிடித்தாலும் பிரிண்டர் அடிக்கும். என் 2 மில்லிமீற்றர் முனையில் விகிதம் 0.7. ஏறத்தாழ சரிக்குச் சரி. ஆகவே முனைக்கு வெளியே வால் நீள்வதும் அறுவதும் எனக்குக் கொஞ்சம் பொய்யாகத்தான் வரும். முனைக்குள் அடியின் அழுத்தம் பெரிது, அங்கே பாரம் அவ்வளவு குழப்பாது என்று சேரும் ஒத்துக்கொண்டார். மற்றதற்குத் தலைவணங்குகிறேன்.

மே 18

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. கடைக்குள் தூசி. (தின்கிற கச்சானும் கடையில் இருக்கிறது, அதுவும் ஒருவகைத் தூசிதான், கோது எல்லாம் கீபோட்டுக்குள்.)

தூசியால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். குழாய் நுனியில் வெளிப்பக்கம் தூசி படிந்து, ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது, துடைக்காமல் ஓட்டினேன். ஸ்பீக்கர் பின்னுக்கு இழுத்தபோது திரவத்தின் விளிம்பு நேராக உள்ளே போகாமல் கோணலாகப் போனது. போய், மடிந்து, ஒரு குமிழியை விழுங்கியது. அடுத்த அடியில் துளி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முனையில் அடைப்பே கிடையாது, நான் கண்ணாலே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வழி திறந்தே கிடக்கிறது. ஸ்பீக்கர் தள்ளும்போது குமிழி சுருங்குகிறது, இழுக்கும்போது விரிகிறது. அடி முழுவதும் அதிலேயே செலவாகிறது, முதல் நாள் ரியூப் செய்ததைப் போல.

பதினைந்து வருசமாக நான் "அடைப்பு, அடைப்பு" என்று எத்தனை ஹெட்டைச் சுடுதண்ணீரிலும் திரவத்திலும் ஊறப்போட்டிருப்பேன். அதில் எத்தனை வெறும் காற்று?

ட்வென்டக்காரர் எழுதியதைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அங்கேயும் இதுதான்: முனைத்தகட்டில் ஒரு துகள் அல்லது சிந்திய மைப்படலம், அதனால் காற்று உள்ளே போகிறது. தொடர்ந்து அடித்தால் குமிழி மையில் கரைந்திருக்கிற காற்றை வாங்கி வளர்கிறது. சும்மா விட்டால் மெல்லக் கரைகிறது. அவர்கள் இதைக் கமரா இல்லாமலும் கண்டுபிடிக்கிறார்கள். முனையை அடிக்கிற பீசோவே (மின்சாரம் கொடுத்தால் நெளிகிற சில்லு), அடித்து முடித்ததும் காதாக மாறி உள்ளே எழும் அதிர்வைக் கேட்கிறது. குமிழி இருந்தால் சத்தம் மாறும். பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிற வேலை.

மே 18, இரவு

ஒன்றை எழுதாமல் படுக்க மனமில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டின காலம். ஒரு அம்மா மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். வேறு படம் இல்லை. அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, ஹெட் மூடிக்குப் போகாமல் நடுவழியில் நின்றது. பின்னேரம் கரண்ட் வந்து அடித்தால் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. கிளீனிங் கொடுத்தேன், அடித்தேன், திரும்பக் கொடுத்தேன், அடித்தேன். கோடு கூடிக்கொண்டே போனது. மூன்றாம் நாள்தான் கொடுக்க முடிந்தது, அதுவும் தானாகச் சரிவந்து. அப்போது மை இளகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது, அது காய்ந்த மையா, நான் விடாமல் அடித்து வளர்த்த குமிழியா என்று சொல்லத் தெரியவில்லை.

மே 19

என் மேசையில் குமிழி கொஞ்ச நேரத்தில் தானாக மேலே மிதந்துபோய் முனை திரும்ப வேலை செய்தது. அதைப் பார்த்து "பிரிண்டரிலும் மிதந்து போகும்" என்று எழுதிவிடாதீர்கள். சேர் பிடித்த அதே பாரம்தான் இதையும் செய்கிறது. 20 மைக்ரோமீற்றர் உலகத்தில் மேல் கீழ் என்பதற்கே பெரிய அர்த்தமில்லை. அங்கே குமிழி மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மே 25

மாங்குளம் தம்பி, உன் பிரிண்டருக்கு வருவோம். கறுப்பில் 180 முனை என்றாய். நொசில் செக் (எல்லா முனையையும் கோடு கோடாகச் சோதிக்கிற அச்சு) ஒன்று அடி. விடுபட்ட இடங்களைப் பேனையால் வட்டமிடு. உடனே இன்னொன்று அடித்து ஒப்பிடு. விடுபட்ட இடம் மாறினால் காற்று. அப்படியே அதே இடத்தில் நின்றால் காய்ந்த மை அல்லது செத்த முனை. அதற்குமேல் கிளீனிங் கொடுக்காதே, அடிக்காதே. ஹெட் மூடியில் நிற்கிறதா என்று பார்த்து இரவு முழுக்க விடு. காலையில் மூன்றாவது செக். டாங்கில் மை கோட்டுக்குக் கீழே போயிருந்தால் முதலில் அதை நிரப்பு, இல்லாவிட்டால் கிளீனிங் உறிஞ்சும்போது புதுக் காற்றையும் சேர்த்து இழுக்கும்.

மூன்று கடதாசியையும் எறியாதே, படம் எடுத்துப் போடு.

யூன் 14

வற்றாப்பளைப் பொங்கல் நோட்டீஸ் வேலையெல்லாம் முடிந்து இப்போதுதான் உன் மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலாவதில் ஒன்பது. இரண்டாவதில் எட்டு, அதில் ஆறு இடம் மாறியிருக்கிறது. விடிய அடித்ததில் இரண்டு மட்டும். அந்த இரண்டும் மூன்று கடதாசியிலும் ஒரே இடம்.

அந்த இரண்டுக்கும் துப்புரவுத் திரவத்தோடு சிரிஞ்சை எடு. மெதுவாக.